சித்தியின் ரத்தமும் பால் பவுடர் டப்பாவும்

அன்பும் மரியாதையும் நிறைந்த சித்திக்கு,

உங்கள் அக்கா மகள் எழுதிக்கொண்டது. இங்கே நானும் அவரும் பிள்ளைகளும் நலம். அங்கே உங்கள் நலத்தை நான் விசாரிக்கப் போவதில்லை. நீங்கள் நலம்தான் என்று சொல்லத்தான் இந்தக் கடிதமே.

இன்று காலை நான் முதல் வேலையாக எங்கள் ஆய்வகத்துப் பால் பவுடர் டப்பாவைத் திருடிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். பதறாதீர்கள், காரணம் இருக்கிறது. போன விடுமுறைக்கு வந்தபோது, ஆரோக்கியமான ஆட்களின் ரத்தம் வேண்டும் என்று நான் சொல்லி முடிக்கும் முன்பே கையை நீட்டினீர்களே, அந்த ரத்தம் சோதனையில் நீலம் காட்டிவிட்டது, உள்ளே வியாதி இருக்கிறது என்று எங்கள் தலைவர் உங்களிடமே சொன்னாரே, அன்றைக்கு ஊருக்குப் போய்ப் படுத்தவர்தான் நீங்கள், இன்னும் எழுந்திருக்கவில்லை. நேற்றுச் சித்தப்பா போன் செய்து, "ஏம்மா, உங்க சித்திக்கு உடம்புக்குள்ள சண்டை நடக்குதாமே? கரண்டியக்கூடத் தூக்கக் கூடாதாமே? எனக்குத் தோசை வட்டமா வர மாட்டேங்குதும்மா" என்று அழாத குறையாகப் பேசினார்.

விஷயம் இதுதான் சித்தி. நோய் வந்தால் உடம்பின் செல்கள் ஒரு புரதத்தை அனுப்பி ஒன்றுக்கொன்று சேதி சொல்லும். அந்தப் புரதத்தைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடி என்ற மருந்துத் துளியைத்தான் நாங்கள், ரத்தம் விட்ட ஒரு தட்டின் சின்னச் சின்னக் குழிகளில் ஊற்றுகிறோம். முன்பு அது முயலின் ரத்தத்திலிருந்து வந்தது, இந்த முறை ஆட்டின் ரத்தத்திலிருந்து வந்திருக்கிறது. அது எங்கே ஒட்டியது என்று காட்ட இன்னொன்று ஊற்றுவோம், அது ஆட்டுச் சாயல் தெரிகிற இடத்திலெல்லாம் போய் உட்கார்ந்து நீலம் காட்டும். இதற்கெல்லாம் முன்னால், கண்ட இடத்தில் கண்டது ஒட்டாமல் இருக்கக் குழியைப் பாலால் பூசிவிடுவது எங்கள் வழக்கம். பால் மாட்டுடையது. மாடும் ஆடும் நெருங்கிய சொந்தம். விசேஷ வீடுகளில் மாமா பையனை அத்தை பையன் என்று நினைத்து, "வேலை கிடைச்சிடுச்சாப்பா?" என்று நீங்கள் விசாரிப்பீர்களே, அதே கதைதான், நீலம் காட்டுவது ஆள் மாறிப் பாலைக் கட்டிக்கொண்டது. எங்கள் தலைவரின் டீக் கோப்பையை அங்கே வைத்திருந்தால் அதற்கும் முற்றிய வியாதி என்றுதான் வந்திருக்கும்.

முடிவை எழுதிவிட்டுத்தான் சோதனையைத் தொடங்குவார் என்பதால் தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் முடிவுரை. போன வாரம் அவரிடம் போய் நின்றேன்.

"சார், ரத்தமே ஊத்தாத குழியும் நீலமா இருக்கு."

"பக்கத்துக் குழியிலேருந்து தெறிச்சிருக்கும். கை நடுங்குதாம்மா உங்களுக்கு?"

"எல்லா வெறுங்குழியும் நீலம் சார்."

"அப்ப எல்லாத்துலயும் தெறிச்சிருக்கும்!"

தலையாட்டிவிட்டு என் மேஜைக்குத் திரும்பினேன். நான் அப்படித்தான், மனசுக்குள் வாதாடி மனசுக்குள்ளேயே தோற்றுப்போகிறவள். அதனால்தான் இன்று டப்பாவை எடுத்து ஒளித்துவைத்துவிட்டு, பாலுக்குப் பதில், ஆட்டுக்குச் சொந்தமே இல்லாத மீனின் ஜெலட்டினைப் பூசி, யாரும் வரும் முன்பே சோதனையைத் தொடங்கினேன். இடையில் ஃப்ரிட்ஜ் அக்கா, அதாவது குளிர்பெட்டிகளுக்குப் பொறுப்பான எங்கள் மூத்த உதவியாளர், பால் இல்லாத டீயோடு வந்து, "எந்தப் புண்ணியவான்டி டப்பாவத் தூக்கிட்டுப் போனான்? அவன் நல்லாவே இருக்க மாட்டான்" என்றார். "அதானேக்கா" என்று சொல்லிக் கைப்பையை இடுக்கிக்கொண்டேன்.

இப்போதுதான் முடிவு வந்தது. நோயாளிகளின் குழிகள் மட்டும் நீலம். வெறுங்குழி தண்ணீர் மாதிரி. உங்கள் குழி அதைவிடத் தெளிவு! பாவம், ஆன்டிபாடி மேல் ஒரு குற்றமும் இல்லை.

மத்தியானம் நிபுணர் குழு வருகிறது. நல்லா இருக்கிறவர்களுக்கும் உள்ளே மறைந்த வியாதி உண்டு, எல்லாருக்கும் மாத்திரை கொடுக்கலாம் என்று முடிவுரை அவர்கள் முன் அறிவிக்கப் போகிறார். அவர்கள் தலையாட்டினால் இந்தச் சோதனை ஆஸ்பத்திரிகளுக்குப் போய்விடும். என் வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிற கையெழுத்தோ அவருடையது. வீட்டில் இவர், "உனக்கு எதுக்கு வம்பு? கூட்டத்துல தண்ணி குடிச்சுட்டு உக்காந்திரு" என்கிறார். நானும் வாயை மூடிக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டேன். உங்களுக்கு மட்டும் சொல்கிறேன், எழுந்திருங்கள், கரண்டியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள், வேறு யாரிடமும் மூச்சுவிட வேண்டாம்.

சித்தப்பாவுக்கு என் வணக்கம். அவர் தோசை என்றைக்காவது வட்டமாகட்டும்.

அன்புடன்,
உங்கள் மகள் மாதிரியானவள்

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டேன், மறுபடி பிரித்து எழுதுகிறேன். சித்தி என்பதால் உங்களுக்குக் கடிதம் போடுகிறேன். மாத்திரையை வாங்கிக்கொண்டு போய்ப் படுக்கப் போகிற மற்றவர்களுக்கு யார் கடிதம் போடுவார்கள்? வாயை மூடிக்கொள்வதாக மேலே எழுதியதை அடித்துவிட்டுப் படியுங்கள். முடிவுரை பேச எழுந்ததும் டப்பாவையும் இன்றைய குழித்தட்டையும் மேஜை மேல் வைக்கப் போகிறேன். இவருக்குத் தெரியாது, ஃப்ரிட்ஜ் அக்காவுக்கும் தெரியாது. உங்களுக்கும் எல்லாம் முடிந்த பிறகுதான் தெரியும். அதுவரை நீங்கள் தாராளமாகப் படுத்தே இருக்கலாம்.