நூற்றைம்பதரின் கெட்டிமேளம்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வேதாகமச் சங்கீதங்களைப் பாடியவர்கள் ஆயிரக்கணக்கானோர். அவற்றுக்கு எழுத்துப் பிசகாமல் கீழ்ப்படிந்தவரோ கோப்பாயில் சைக்கிள் திருத்திய, நாங்கள் நூற்றைம்பதர் என்று பட்டம் வைத்த ஒருவரே.

வேதாகமத்தின் கடைசிச் சங்கீதமான நூற்றைம்பதாவது, குழலும் யாழும் தாளமும் கொண்டு இறைவனைத் துதிக்கச் சொல்கிறது. எங்கள் தேவாலயத்தில் இருந்ததோ ஒரேயொரு ஹார்மோனியம். அதிலும் சில கட்டைகள் ஊமை. இதைக் கட்டளை மீறல் என்றே அவர் கருதினார். ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் போதகரை வாசலில் மறிப்பார்.

“ஐயா, தவில் எப்ப வரும்?”

“அது கோயில் மேளம், காணும்.”

“தவில் கூடாதெண்டு வேதத்திலை எங்கை கிடக்கு? காட்டுங்கோ, விடுறன்.”

போதகர் ஆண்டுக்கணக்கில் தேடினார், அகப்படவில்லை. கடைசியில், விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகைக்கு மட்டும் இணங்கினார்.

இணுவிலிலிருந்து நாதஸ்வரமும் தவிலும் வந்தன. தவில்காரர் வழக்கம்போலச் சட்டையைக் கழற்றி, சால்வையை இடுப்பில் வரிந்து, முன்னால் அமர்ந்தார். நூற்றைம்பதாவது மோகனத்தில் எழுந்தபோது போதகரின் சப்பாத்துக் காலும் தாளம் போட்டது. நூற்றைம்பதரின் முகத்தைப் பார்க்கவேண்டுமே!

பிறகு பிரசங்கம். பாவத்தைக் கண்டித்த போதகர் சுட்டுவிரலை உயர்த்தி ஆட்டினார். தவில்காரர் அறிந்ததெல்லாம் கலியாண வீடுகள். அங்கே குருக்கள் விரலை ஆட்டினால் தாலி ஏறுகிறது. அழுகுரலோ தும்மலோ கேளாதபடி கெட்டிமேளம் முழங்கவேண்டும். முழங்கினார். நிறுத்தச் சொல்லிப் போதகர் விரலை இன்னும் வேகமாக ஆட்டினார். மேளம் இன்னும் உரத்தது. பழக்கதோஷத்தில் யாரோ பூவை எடுத்து எறிந்தார்.

அன்றே தவிலுக்குத் தடை. அடுத்த ஞாயிறும் நூற்றைம்பதர் வாசலில் நின்றார்.

“ஐயா, தவில் எப்ப வரும்?”

தடை நீங்கவில்லை, அவரும் கேள்வியை விடவில்லை.

போன மாதம் அவரை அடக்கம் செய்யச் சேமக்காலைக்குக் கொண்டுபோனோம். குழியருகே தவில்காரர் நின்றார், தலை நரைத்து, தோளில் தவிலோடு.

“செத்தவீட்டுக்கு நாங்கள் அடிக்கிறேல்லை, மாஸ்டர்,” என்றார் என்னிடம். “அண்ணைக்கு அடிப்பன். ஆர் விரல் காட்டுறது?”

நான் போதகரைப் பார்த்தேன். அவர் எவரையும் பார்க்கவில்லை. நூற்றைம்பதாவதை வாசித்து முடித்தார். வேதாகமத்தை இடக்கைக்கு மாற்றினார். வலக்கைச் சுட்டுவிரலை உயர்த்தி ஆட்டினார்.

நாங்கள் அழுதது நூற்றைம்பதருக்குக் கேட்டிராது.