ஐஸ் நீதவானும் இருபத்திமூன்று நீதிபதிகளும்

உலகத்தில் எந்த நீதிமன்றமும் ஒரு கழுதைக்குக் கொடுக்காத மரியாதையைக் கொடுத்த ஒரே மனிதர் எங்கள் ஐஸ் நீதவான்தான். எந்தச் சட்டத்தரணி வந்து மறுத்தாலும் நான் காது கொடுக்கத் தயாரில்லை.

கண்டக்குழிக் கரையில் எங்கள் மீனவர் சங்கத்துக்கு ஓர் ஐஸ் அறை இருந்தது. அதன் பொறுப்பாளர் அவர். அதற்கு முன் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாளெல்லாம் அடுத்தவர் சொன்ன தீர்ப்பையே தமிழில் சொல்லிச் சொல்லி, சொந்தமாக ஒரு தீர்ப்புக்கூடச் சொல்ல முடியாத ஏக்கம் மனுசனுக்குள் கிடந்து கொதித்துக்கொண்டிருந்தது. நான் அப்போது சங்கச் செயலாளர். கூட்டக் குறிப்பு எழுதுவதும், எழுதி முடித்துத் தலையில் தைலம் தேய்ப்பதும் என் வேலை.

பக்கத்து விடுதியில் தங்கிய ஒரு வெள்ளைக்காரச் சட்டப் பேராசிரியர் ஊருக்குப் போகும்போது ஒரு கட்டுக் கடதாசியை விட்டுவிட்டுப் போனார். பழங்கால யூதர்களின் நீதிமன்றச் சட்டம் முழுக்க அதில் ஆங்கிலத்தில் இருந்தது. எத்தனை நீதிபதி, சாட்சியை எப்படிக் கேட்பது, யாரைத் தண்டிக்கக் கூடாது, எல்லாம். அது நம்மாளின் கையில் விழுந்தது. விழுந்ததோடு எங்கள் நிம்மதி போயிற்று!

வெளியே நாங்கள் வெயிலில் வெந்துகொண்டிருப்போம். அவர் ஐஸ் அறைக்குள் ஸ்வெட்டர், மப்ளர் சகிதம் மீன்பெட்டியில் உட்கார்ந்து நடுநடுங்கிப் படித்துக்கொண்டிருப்பார். “முஸ்லிம் ஆளு, யூதச் சட்டம் படிக்கிறாரு” என்று யாரோ பள்ளிவாசலில் போய் ஓதிவிட்டார்கள். மௌலவி நிதானமாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “நீதியப் பத்தித்தானே படிக்கிறாரு? படிக்கட்டும். நீங்களும் கொஞ்சம் படிச்சா ஊருக்கு நல்லம்.”

அதன் பிறகு அவரை யார் பிடிப்பது? ஒருவன் அடுத்தவன் தோணியில் மண்ணெண்ணெய் எடுத்தான் என்று புகார் வந்தது.

“எடுக்க முன்னம் ரெண்டு பேர் அவன எச்சரிச்சாங்களா?” என்றார்.

“நானா, களவெடுக்கப் போறவன் எங்களுக்குச் சொல்லிட்டா போவான்?” என்றான் புகார் கொண்டுவந்தவன். எங்கள் ஊரில் அண்ணன் முறையானவரை ‘நானா’ என்றுதான் கூப்பிடுவோம்.

“எச்சரிக்கோணும். அவனும் ‘தெரியும், தெரிஞ்சுதான் செய்யிறன்’ எண்டு சொல்லோணும். இல்லாட்டிப் பெரிய தண்டனை குடுக்கேலா.”

மண்ணெண்ணெய் எடுத்தவனுக்கே வெட்கம் தாங்கவில்லை. மறுநாள் காலை கலனை நிரப்பிக்கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனான்.

பிறகு வந்ததுதான் கழுதை வழக்கு. சங்கத் தலைவர் ஹாஜியாரை ஒரு கழுதை உதைத்துவிட்டது. எங்கே உதைத்தது என்பதை நான் எழுதப் போவதில்லை. நாலு நாளாக மனுசன் கதிரையில் உட்காரவில்லை என்று மட்டும் சொல்லலாம். கழுதையை லொறியில் ஏற்றி நாடு கடத்துவதென்று முடிவாயிற்று.

“விசாரணை இல்லாமலா?” என்று ஐஸ் அறையிலிருந்து ஒரு கர்ஜனை. “ஆளக் கொன்ன மாட்டுக்கே இருபத்திமூணு நீதிபதி வேணும் எண்டு இரிக்கி. கழுத எண்டா கேவலமா?”

எங்கள் நிர்வாகத்தில் இருந்ததே ஒன்பது பேர். கிழிந்த வலை பொத்துகிறவர்கள், விடுதிச் சமையல்காரர் என்று கரையில் அகப்பட்டவரையெல்லாம் பிடித்து இருபத்திரண்டு சேர்த்தார். அந்த நேரம் பார்த்துப் பாட்டுப் போட்டுக்கொண்டு பாண், பணிஸ் என்று ரொட்டி வகை விற்கும் முச்சக்கரவண்டி வந்தது. ஓட்டி வந்த சுனில் சிங்களப் பொடியன், சிலாபம் பக்கம்.

“ஐயோ மாத்தயா, நான் பாண் விக்க வந்தது. கேஸ் கேக்க இல்ல!”

“இறங்கு. நீதான் இருபத்திமூணாவது.”

வண்டிப் பாட்டை நிறுத்தும் விசை வேலை செய்யவில்லை. விசாரணை முழுக்கப் பின்னணி இசையோடுதான் நடந்தது. சாட்சிகளை அவர் தனித்தனியாக அழைத்தார். ஒருவர் கழுதை மண் நிறம் என்றார், மற்றவர் சாம்பல் நிறம் என்றார். ஹாஜியாரிடம், “எந்தக் காலால உதைச்சிச்சி?” என்று கேட்டார்.

“நான் முதுகக் காட்டிட்டு நிண்டன். கால எண்ணிக்கொண்டா நிண்டன்?”

சாட்சி பொருந்தவில்லை, கழுதை விடுதலை! தீர்ப்பு வாசித்தபோது அது சுனிலின் மூன்றாவது பணிஸைத் தின்றுகொண்டிருந்தது. ஹாஜியார் ஒரு மாதம் அவரோடு கதைக்கவில்லை.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த எங்கள் சிரிப்புக்கும் ஒருநாள் முடிவு வந்தது. அன்று காலை அவர் ஏதோ ஒரு சட்டத்தைப் படித்து, அந்தச் சந்தோஷத்தில் ஸ்வெட்டரோடு வெளியே பாய்ந்து ஓடியிருக்கிறார். ஓடினவர் ஐஸ் அறைக் கதவைச் சாத்தவில்லை. கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த செபஸ்தியானைப் பிடித்து உட்கார்த்தி, உச்சி வெயில் ஏறும்வரை அவனுக்கு விளக்கியிருக்கிறார். திரும்பி வந்தபோது ஐஸ் முழுக்கத் தண்ணீர். அத்தனை பேரின் மீனும் பழுது. அதிகம் போனது அந்தச் செபஸ்தியானுக்குத்தான்.

பொது ஐஸைப் பாழாக்கியவர் பொறுப்பிலிருந்து விலக வேண்டும், இது சங்க விதி. அவருக்கோ மனைவி மவுத்தாகி, பிள்ளைகளும் இல்லை. ஐஸ் அறைக்குப் பக்கத்து அறைதான் வீடு. வேலை போனால் குருநாகலில் ஒரு தூரத்துச் சொந்தக்காரர் வீட்டு மூலையில் போய்க் கிடக்க வேண்டும். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அவரே சாவியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். “நான்தான் குத்தவாளி. எழுதுங்க செயலாளர்.”

“நானா, தன்ட வாயால தன்னையே குத்தவாளியாக்கேலா எண்டு நீங்கதானே சொன்னீங்க?” என்றேன்.

அந்தக் கவலையிலும் மனுசனின் முகம் மலர்ந்துவிட்டது. “அட, ஞாபகம் இரிக்கே! சரி, இருபத்திமூணு பேரக் கூப்பிடுங்க. ஆனா நாளைக்கு. விடுதலை எண்டா அண்டைக்கே சொல்லலாம், தண்டன எண்டா ஒரு ராத்திரி யோசிக்கோணும்.”

மறுநாள் காலை நான் ஒரு படிவத்தோடு புத்தளத்துக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது கூட்டம் கூடியிருந்தது. என் கதிரைக்குப் பின்னால் முறைப்பாட்டுக்காரன் செபஸ்தியான் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பெரியவர்களைப் பார்த்துச் சிறியவர்கள் பயந்து தலையாட்டக் கூடாதாம், அதனால் வயதில் குறைந்தவர்தான் முதலில் சொல்ல வேண்டும். சுனில் எழுந்தான்.

“வரதகாரயா!” என்றவன், உடனே தமிழிலும் சொன்னான்: “குத்தவாளி!”

அடப் பாவி, பாண்காரா! எனக்கு வந்த கோபத்தில் பேனை முறியப் பார்த்தது. அடுத்தவனும் “குத்தவாளி” என்றான். அதற்கடுத்தவனும். மௌலவி கூடக் கண்ணை மூடிக்கொண்டு “குத்தவாளி” என்றார். ஹாஜியார் சொன்ன சத்தம் கடலுக்குக் கேட்டிருக்கும். இருபத்திரண்டு பேர், ஒருவருக்குக்கூட ஈரம் இல்லை. ஐஸ் நீதவான் தலையைக் குனிந்து விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

குறிப்பு எழுதுகிறவன் என்பதால் என் முறை கடைசி. எவன் என்ன சொன்னாலும் நான் அவர் பக்கம்தான் என்று எழுந்து, “நிர...” என்று வாயெடுத்தேன். செபஸ்தியான் என் காலை மிதித்தான் பாருங்கள், உயிர் உச்சந்தலைக்குப் போய்விட்டு வந்தது.

“குத்தவாளி எண்டு சொல்லுடா மடையா! பொறகு விளங்கும்!” என்று காதுக்குள் சீறினான்.

வலியில் கண்ணீர் வர, “குத்தவாளி” என்றேன்.

ஐஸ் நீதவான் எழுந்தார். “சரி. அப்ப நான் போயிட்டு வாறன்” என்று செருப்பைத் தேடினார்.

“எங்க போறீங்க? உங்களுக்கு லாபமான சட்டம் எண்டா வாயத் திறக்க மாட்டீங்களா?” என்றான் செபஸ்தியான். “இருபத்திமூணு பேரும் ஒரே வாயா குத்தவாளி எண்டு சொன்னா ஆள் விடுதலை. ஒருத்தனும் பரிஞ்சு கதைக்காத எடத்தில நீதி சரியா நடக்கல்ல எண்டு அர்த்தமாம். ஐஸக் கரைய விட்டுட்டு ஓடி வந்து நீங்க எனக்குச் சொன்னது இதத்தானே! என்ட மீன் முழுக்க இந்தச் சட்டத்துக்குத்தான் போச்சு. அத வீணாக்கவா சொல்றீங்க?”

முதல்நாள் பின்னேரம் தொடங்கித் தோணி தோணியாய், வாசல் வாசலாய்ப் போய் அவன் எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறான். காலையில் என் வாசலுக்கு வந்தபோது நான் புத்தளத்துக்குப் போய்விட்டேன், நான் ஒருவன்தான் தப்பினவன். என் பரிவு ஒன்றே அவரை ஊரை விட்டு அனுப்பியிருக்கும்!

அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். மப்ளரால் முகத்தைத் துடைத்தார். “படிச்சிரிக்கிறீங்க” என்றார், “எல்லாரும் படிச்சிரிக்கிறீங்க.” ஹாஜியார் சாவியை எடுத்து அவர் கையில் வைத்து, “கதவச் சாத்துங்க நானா” என்றார்.

அதற்குப் பிறகு நான் எத்தனையோ பேரைக் குற்றவாளி என்று சொல்லியிருக்கிறேன், எழுதியும் இருக்கிறேன். ஆனால் ஒரு மனிதரை அவ்வளவு அன்போடு குற்றவாளி என்று சொன்னது அந்த ஒரு தடவைதான்.