இரண்டாம் வரிசைச் சுருதி

அநியாயம் நடந்தது மரியகொரட்டிக்கு. செய்தவர் அவளைக் கட்டிய இராயப்பன். அவள் பாட வேண்டிய பாட்டை, அவளைக் கேட்காமலே, செத்துப்போன மகளின் பெயரைச் சொல்லி வேண்டாமென்று எழுதி அனுப்பினார். விஷயம் இவ்வளவுதான். ஆனால் இந்த மாதிரிக் காரியங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டால் ஆண்பிள்ளைகள் தப்பித்துக்கொள்கிறார்கள். ஆகையால் விரிவாகவே சொல்ல வேண்டும்.

மலைநாட்டு ரயில் பாதை பண்டாரவளையோடு முடிந்திருந்த காலம். அங்கிருந்து பதுளைக்கு ஒரு பியானோ மாட்டு வண்டியில் வந்து சேர்ந்தது. வெள்ளைக்காரத் துரைமார் சங்க மண்டபத்தில் அந்த வருஷம் ஆனி தொடங்கி ஐந்து சனிக்கிழமை இசைக் கச்சேரி. முதல் வாரம் பியானோ தனியாக. அடுத்த வாரம் கொழும்பிலிருந்து நாலு பேர், பெரிசும் சிறிசுமாக நாலு பிடிலோடு. கடைசிச் சனிக்கிழமை கூட்டுப்பாட்டு. அதற்குத் துரைமார் வீட்டுக் குரல்கள் போதவில்லை. மாதா கோவில் பாடகர் குழுவைக் கூப்பிட்டார்கள்.

குழுவுக்குத் தலைவர் இராயப்பன்தான். வார நாளில் தோட்டத்துப் பெரிய கிளாக்கர், ஞாயிற்றுக்கிழமை சங்கீத சக்கரவர்த்தி. கோவில் ஆர்மோனியம் பனியில் ஊறி, பாதிக் கட்டை எழும்பாமல் கிடந்தது. அதனால் அவர் கண்ணை மூடி, தலையை ஒரு பக்கம் சாய்த்து, காற்றிலிருந்து சுருதியைப் பிடிப்பார். ஜெபம் பண்ணுகிறார் என்று குழு நினைத்தது. அவர் பண்ணியது ஜெபமில்லை. இரண்டாம் வரிசையில் நின்ற மரியகொரட்டி உதடு பிரியாமல் முனகுவாள்; அதை அவர் காதில் வாங்கிக்கொண்டு கையைத் தூக்குவார். ஒன்பது வருஷமாக இப்படித்தான். அதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

பியானோவை இறக்கிய அன்று மரியகொரட்டி தெருவோரத்தில் நின்றாள். உள்ளே யாரோ ஒரு கட்டையை அழுத்திப் பார்த்தார்கள். அந்த ஒற்றை நாதத்தை அவள் சாயந்திரம்வரை தொண்டையிலேயே வைத்திருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். சோறு போடும்போது, "அந்தப் பியானோகூட ஒருதரம் பாடிப் பாக்கணுங்க" என்றாள். இராயப்பனுக்கு ரசம் புரையேறியது. சிரிப்பில்தான்.

மறுவாரமே டொக்டர் துரையின் மனைவியிடமிருந்து கடிதம். பியானோ வாசிப்பவர் அந்த அம்மாள்தான். கோவிலில் கேட்ட குரல் மறக்கவில்லை, கடைசிச் சனிக்கிழமை தன் வாசிப்போடு திருமதி இராயப்பன் தனியாக ஒரு பாட்டுப் பாடுவாரா என்று கேட்டிருந்தார். கடிதம் வந்தது புருஷன் பெயருக்கு. குரல் பெண்டாட்டியுடையது, மேல்விலாசம் புருஷனுடையது. இது எந்த ஊர் நியாயமோ!

இராயப்பன் வேர்த்துப்போனார். அன்று முழுக்க அவளைப் பியானோ பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டால் இரண்டாம் வரிசையில் முனக யார் இருப்பார்கள்? அத்தனை துரைமாருக்கும் முன்னால் தலையைச் சாய்த்தபடியே அவர் நிற்க வேண்டியதுதான். கதவைச் சாத்திக்கொண்டு எழுதினார்: "எங்கள் மகள் அற்புதமலர் இறந்ததிலிருந்து என் மனைவி சபை முன் தனித்துப் பாடுவதில்லை."

பொய். ஆறு வயது மகளின் குழியருகே நின்று முழுப் பாட்டையும் பாடி முடித்தவள் மரியகொரட்டி. இராயப்பன் மதிலோரம் நின்று, வந்தவர்களின் குடைகளை வாங்கி வரிசையாகச் சாத்திக்கொண்டிருந்தார். மூன்று வருஷமாக அவர் வாயில் அந்தப் பெயர் வந்ததில்லை. இந்தக் கடிதத்தில்தான் முதல்முறை எழுதினார்.

நாலு நாள் கழித்து, அவர் தோட்டத்துக்குப் போயிருந்த நேரத்தில், அந்த டொக்டர் துரைசாணி வெள்ளை லில்லிப் பூக்களோடு வாசலில் வந்து இறங்கினார். அற்புதமலர் போன துக்கம் இராயப்பனின் கடிதம் வரும்வரை தனக்குத் தெரியாது என்றும், அன்றிலிருந்து பாட்டு நின்று, தன் பியானோவோடு அவள் பாட முடியாமல் போனதற்கு மனசு நோகிறது என்றும் தோட்டத்துத் தமிழில் தட்டுத்தடுமாறிச் சொன்னார். மரியகொரட்டி பூவை வாங்கி, தேத்தண்ணி கொடுத்து, வழியனுப்பினாள். பூவை மகளின் படத்தடியில் வைத்தாள். இராயப்பன் வந்ததும் யார் கொடுத்த பூ என்று கேட்டார், சொன்னாள். அவர் கழற்றப்போன சட்டைக்கு மறுபடி பொத்தான் போட்டுக்கொண்டார்.

அன்றோடு வீடு ஊமையானது. அடுப்படியில் முனகல் இல்லை. பக்கத்துக் கடைக்காரர் வீட்டு ஸித்தி ஸுபைதா வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, "என்ன புள்ள, சத்தத்தக் காணோம்? ஒங்க ஊட்டுல ஆருக்கும் சொகமில்லயா?" என்று கேட்டாள்.

"அவருக்குத்தான்" என்றாள் மரியகொரட்டி.

பாட்டு ஒத்திகையில் நடந்தது பெரிய கூத்து. மேடைக்குக் குறித்திருந்தது பியானோ இல்லாமல் வெறும் குரலில் பாடும் இலத்தீன் பாட்டு. இராயப்பன் கண்ணை மூடினார், தலையைச் சாய்த்தார். ஒன்றும் வரவில்லை. இன்னும் சாய்த்தார். கழுத்துச் சுளுக்கியதுதான் மிச்சம். குத்துமதிப்பாகக் கையைத் தூக்க, பெண்கள் கூரைக்கு ஏறினார்கள், ஆண்கள் கிணற்றுக்குள் இறங்கினார்கள்.

வீட்டுக்கு நடக்கும்போது மெதுவாக ஆரம்பித்தார்.

"கொரட்டி, தொண்டை கட்டியிருக்கா?"

"இல்லீங்களே."

"ரெண்டாம் வரிசையில ஒன்னுமே கேக்கல."

"புள்ள போனதுலேருந்து நான் பாடுறதில்லையாம். நீங்க எழுதினதைப் பொய்யாக்கலாமாங்க?"

அவர் நடையை எட்டிப் போட்டார்.

"அவ பேர எழுத மட்டும் ஒங்களுக்கு வந்துச்சா?" என்று கேட்டாள். குரல் ஏறவில்லை, அதுதான் அவரைக் கொன்றது. "என்கிட்ட ஒருநா அந்தப் பேரச் சொல்லியிருக்கலாம்ல."

அடுத்த நாள் இராயப்பன் கோட்டை மாட்டிக்கொண்டு டொக்டர் துரை பங்களாவுக்குப் போனார். மனைவி இப்போது தேறிவிட்டாள், பாடுவாள் என்று சொல்லத் தயாராக இருந்தார். உண்மையை எவ்வளவு குறைவாகச் சொல்லலாம் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனார்.

துரைசாணி அவரைக் கண்டதும் எழுந்துவந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. மேசைமேல் இருந்த ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். சுத்தமான இங்கிலீஸ் கையெழுத்து. கன்னியாஸ்திரிகளிடம் ஆறு வருஷம் படித்தவளைக் கட்டினோம் என்பதே இராயப்பனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. படித்தார்:

"அம்மா, எங்கள் மகள் அற்புதமலர் இறந்ததிலிருந்து குரல் போனது எனக்கல்ல, என் கணவருக்கு. சனிக்கிழமை தங்கள் பியானோவோடு நான் பாடுகிறேன். குழுவையும் நானே நடத்துகிறேன். அவருக்கு முன்வரிசையில் ஒரு நாற்காலி மட்டும் போடுங்கள். கைக்குட்டை நான் கொடுத்தனுப்புகிறேன்."