பாலையன் நினைவு வெயிட்டிங் ஷெட்

பிசியோதெரபி மையத்தின் படியேறி வந்த முதல் ஆள், கையிலிருந்த பையை பெஞ்சில் வைத்துவிட்டு ஜெயதாசிடம் கேட்டார்:

"நெய்யாற்றின்கரை பஸ்ஸு போயாச்சா?"

இந்த நேரத்துக்காக ஒரு மாதமாக ஜெயதாஸ் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்சே வேறு. எங்கே வலி, எத்தனை நாளாக, குனிந்தால் கூடுகிறதா என்று அவன் கேட்பான். வந்தவர் பதில் சொல்வார். வந்தவரோ கேள்வி கேட்டுவிட்டு, தலைக்கு மேல் சுற்றிய மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார்.

"இது பஸ் ஸ்டாப்பு இல்ல பாட்டா."

"தெரியும் மக்கா. ஸ்டாப்பு ரோட்டிலேயாக்கும். இது ஷெட்டு. நல்ல காற்று உண்டு. தெய்வம் உன்னை நல்லா வைக்கும்."

ஒன்பது மணிக்குள் ஏழு பேர் வந்து உட்கார்ந்தார்கள். பஸ் வந்ததும் ஏழு பேரும் எழுந்து ஓடினார்கள். போகிற போக்கில் ஒரு பெண் ஜெயதாசின் கன்னத்தைத் தடவி, "மாமனாருக்க ஆத்மா குளிரும்" என்று சொல்லிவிட்டு ஏறினாள்.

உள்ளே கட்டிலுக்குக் கடைசி ஆணி அடித்துக்கொண்டிருந்த தச்சன் தங்கப்பன் சிரிப்பை அடக்கமுடியாமல் சுத்தியலைக் கீழே வைத்தான்.

"என்ன டே சிரிப்பு?"

"அண்ணே, குற்றம் அவியளுக்க மேல இல்ல. வெளியே வந்து நின்னு நீங்களே பாருங்க. முன்னால திறந்த வராந்தா. நீளத்துக்கு பெஞ்சு. மேல ஃபேனு. அதுக்கும் மேல செத்துப்போன மாமனாருக்க பேரு. கல்ஃபுக்குப் போயிட்டு வாறவன் எல்லாம் அப்பனுக்க பேரிலே வெயிட்டிங் ஷெட்டு தானே கெட்டுகான்! பனச்சமூட்டுக்குப் போற வழியிலே மட்டும் மூணு உண்டு."

ஜெயதாஸ் ரோட்டில் இறங்கித் திரும்பிப் பார்த்தான். 'பாலையன் நினைவு' என்று மலையாளத்தில் ஒரு முழ உயரம், தமிழில் ஒரு முழ உயரம். மிச்சமிருந்த இடத்தில், பெயிண்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதியதுபோல, 'பிசியோதெரபி மையம்.' அவனுடைய பெயருக்கு இடமே இல்லை.

"கீழே எழுதியிருக்கே, தங்கப்பா!"

"அது உங்களுக்க வீட்டுப்பேருண்ணு நெனச்சிருப்பாவ."

அன்று சாயங்காலம் மனைவி சுகிர்தபாய் பாறசாலைப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் ஜெயதாஸ் மெதுவாகப் பேச்சை எடுத்தான். போர்டை மாற்றி எழுதினால் என்ன?

"அப்பாவுக்க பேரை எடுக்க நான் சம்மதிக்க மாட்டேன், கேட்டியளா" என்றாள் சுகிர்தபாய். "இந்தப் பத்து சென்ட் அவருக்கு சும்மா கிடைச்சதா?"

சும்மா கிடைக்கவில்லை. பாலையன் குற்றாலிங்கம் பிள்ளையின் தோப்பில் குடிசை போட்டு முப்பது வருஷம் உழைத்தவர். நிலச் சட்டம் வந்தபோது குடியிருப்புக்கு என்று பத்து சென்ட் அவருக்குச் சேர்ந்தது. பிள்ளை யோசித்து, தோப்பிலேயே உதவாத மூலையாகப் பார்த்து, ஓடைக்கரையில் அளந்து கொடுத்தார். ஐந்தாவது வருஷம் ஓடையைத் தூர்த்து வெள்ளறடை ரோட்டை அதே மூலையை ஒட்டிக் கொண்டுவந்தது சர்க்கார். பிள்ளையின் மிச்சத் தோப்பு ரோட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. அன்றுமுதல் பிள்ளை அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்று ஊரில் சொல்வார்கள்.

அந்த இடத்தில்தான் ஜெயதாஸ் கட்டினான். அவன் கடற்கரைப் பக்கம் காஞ்சிரங்குளத்துக்காரன். வேலூரில் பிசியோதெரபி படித்துவிட்டு மஸ்கட் ஆஸ்பத்திரியில் வேலைக்குப் போனவன். கல்யாணமாகி ஒன்பது வருஷம். எல்லா லீவையும் சேர்த்தாலும் சுகிர்தபாயோடு ஒரே கூரையின் கீழ் இருந்தது ஒரு வருஷம் தேறாது. இந்தத் தடவை லீவு முடியும் முன்பு மையத்தைத் திறந்துவிடுவது என்று இருவரும் முடிவு செய்தார்கள். திறந்த இரண்டு வாரத்துக்குள் ஒரே ஒரு நோயாளியாவது தானாகத் தேடி வந்து அந்தக் கட்டிலில் படுத்தால் அவன் இங்கேயே இருந்துவிடுவான். இல்லையென்றால் விமானம்.

"ஒரு ஆளு கூடவா வரமாட்டாவ?" என்று அன்றைக்கு சுகிர்தபாய் சிரித்தாள். அவளுடைய கண்கள் மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாள் ஜெயதாஸ் இரண்டாவது போர்டு மாட்டினான். 'உடல் வலி உள்ள நோயாளிகள் மட்டும் இங்கே அமரவும்.' அதோடு நிற்காமல், வீடு வீடாகக் கட்டில் பழுதுபார்க்கப் போகிற தங்கப்பனிடம், இது ஷெட் அல்ல, ஆஸ்பத்திரி என்று எல்லாரிடமும் சொல்லும்படி கேட்டுக்கொண்டான்.

மூன்றாம் நாள் தங்கப்பன் வந்து நெஞ்சை நிமிர்த்தினான்.

"வெள்ளறடை மொத்தம் சொல்லியாச்சு அண்ணே. 'பாலையனுக்க மருமவன் முட்டுவேதனைக்கும் இடுப்புவேதனைக்கும் ஆஸ்பத்திரி கெட்டியிருக்காரு'ண்ணு. ஒரு வீடு பாக்கியில்ல."

பலன் உடனே தெரிந்தது. அன்றைக்கே பெஞ்சில் ஒன்பது பேர்.

முதலில் வந்து நடு இடத்தைப் பிடித்தவர் குற்றாலிங்கம் பிள்ளை! கைத்தடி, வெள்ளை வேட்டி, தோளில் மடித்த நேரியல். ஜெயதாசுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிள்ளை புதுப் போர்டை ஊர் கேட்கிற மாதிரி உரக்க வாசித்தார். எல்லாரும் தலையாட்டினார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

"ஐயா எங்கே பயணம்?" என்றான் ஜெயதாஸ் பணிவாக.

"எனக்கு எங்க பயணம் டே? சும்மா இப்படி வந்தேன். நல்லா கெட்டியிருக்க. அந்த மூலையிலே ஒட்டடை கிடக்கு, பாத்தியா?"

கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஜெயதாஸ் ஒட்டடை அடித்தான்.

"மஸ்கட்டிலே உனக்கு ஆஸ்பத்திரியிலே தானே ஜோலி?"

"ஆமா ஐயா."

"என்ன ஜோலி டே?"

விளக்கிச் சொல்லி மாளாது என்று ஜெயதாஸ் சுருக்கமாகச் சொன்னான். "நடக்க முடியாதவங்களுக்குக் கையும் காலும் பிடிச்சு விடுகது. எழுப்பி நடத்துகது."

பிள்ளை பரிவோடு தலையசைத்தார். "அதுக்கென்ன? எந்த ஜோலியானா என்ன? நேர்மையா செஞ்சு, இவ்வளவு பெரிசா ஒரு ஆஸ்பத்திரி கெட்டியிருக்கியே. அது போதும்."

ஜெயதாஸ் உள்ளே போய் சுவரில் தலையை முட்டிக்கொண்டான்.

வேரை வெட்டாமல் இது தீராது என்று நான்காம் நாள் அவனுக்குத் தோன்றியது. கண்டக்டர் கிருஷ்ணன்குட்டியைப் பிடித்தான்.

"சேட்டா, பஸ்ஸைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தமுடியுமா? எனக்க பொழப்பு போகுது."

"அதுக்கென்னா? பிலாவுக்க மூட்டிலே நிறுத்தாம்" என்றார் கிருஷ்ணன்குட்டி. அவர் சொன்ன சொல் தவறாதவர். அடுத்த நாளிலிருந்து பஸ் ஐம்பது அடி தாண்டி, பலாமரத்தடியில் நின்றது.

பெஞ்சில் பதினோரு பேர்.

பஸ் வந்தது, நின்றது, போனது. ஒருவர்கூட அசையவில்லை. ஜெயதாசுக்கு ஆத்திரத்தில் கண் இருட்டியது. நிழலும் காற்றும் கிடைத்த பிறகு இந்த வெட்டிக் கூட்டத்துக்கு பஸ்கூட வேண்டாமா! சும்மா இருக்கவென்றே வருகிறார்களா?

"பெஞ்சை உள்ளே தூக்கு தங்கப்பா."

பெஞ்சு உள்ளே போனது. அரை மணி நேரத்தில் பிள்ளை வீட்டு வேலைக்காரர் இரண்டு நாற்காலியும் ஒரு நீளப் பலகையும் கொண்டுவந்து போட்டார். "கூடப்பிறந்தவன் மாதிரி உதவுகாரு பிள்ளை" என்று எல்லாரும் பாராட்டினார்கள். இடம் கிடைக்காதவர்கள், நடை பழகுவதற்காக வராந்தாவில் நட்டிருந்த இரண்டு இரும்புக் குழாய்களுக்கு நடுவே வரிசையாக, ஒழுங்காக நின்றார்கள். கோவிலில்கூட அவ்வளவு ஒழுங்கு கிடையாது.

அந்த வரிசையைப் பார்த்ததும் ஜெயதாசுக்கு அடுத்த யோசனை வந்தது. மஸ்கட்டில் டோக்கன் கொடுப்பார்கள். டோக்கன் என்றாலே ஆஸ்பத்திரி என்று குழந்தைக்கும் தெரியும். பஸ்ஸுக்கு யாராவது டோக்கன் கொடுப்பார்களா? ரப்பர் மரச் சில்லுகளில் ஒன்று முதல் இருபது வரை எழுதி, வராந்தா மேஜையில் அடுக்கி வைத்துவிட்டு, வலிக்கு ஒத்தடம் கொடுக்க மெழுகு உருக்கும் பாத்திரத்தைச் சரிபார்க்க உள்ளே போனான்.

திரும்பி வந்தபோது மேஜை காலி.

"இங்க இருந்த டோக்கனெல்லாம் எங்கே?"

எல்லாரும் சாந்தமாக அவனைப் பார்த்தார்கள். மரச்சீனிக் கிழங்கு விற்கும் குஞ்சம்மா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "பத்திரமா உண்டு மக்கா" என்றாள்.

பேரப்பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான்! ஜெயதாஸ் உள்ளே போய்விட்டான். அன்றிரவு சுகிர்தபாயிடம், "ஓசியிலே கிடைச்சா எதையும் விடமாட்டாவ" என்று புலம்பினான்.

"சத்தம் போட்டு விரட்டினா என்ன?"

"நடுவிலே பிள்ளை இருக்காரே. அவரு உனக்க அப்பாவுக்கு நிலம் தந்தவரு."

"தந்தவரா! சட்டம் தந்தது" என்றாள் அவள். பிறகு குரலை இறக்கி, "ஆனாலும் அப்பா செத்தப்ப கடைசி வரைக்கும் கூட நின்னவரு அவருதான்" என்றாள்.

எட்டாம் நாள் ஜெயதாஸ் மானத்தை விட்டுவிட்டான். பிள்ளை நாற்காலியில் உட்காரும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு முகம் சுளித்ததை அவன் கவனித்தான். தொழில் தெரிந்த கண். அப்படிப்பட்ட முட்டு மஸ்கட்டில் அவன் கைக்கு ஆயிரம் வந்திருக்கிறது. இரண்டு வாரப் பயிற்சியில் பிள்ளை தடியைத் தூக்கிப் போட்டுவிடலாம். ஓடிப்போய் அவர் காலடியில் குந்தினான்.

"ஐயா, உள்ளே வந்து படுங்க. நான் பிடிச்சு விடுகேன்."

பிள்ளை பதறிப்போய்க் காலை இழுத்துக்கொண்டார். "ஐயையோ, நீ எதுக்கு டே இந்த வேலையெல்லாம் செய்யணும்? வேண்டாம், வேண்டாம். அது ஆகட்டும், பாத்துக்கிடலாம்."

ஜெயதாஸ் எழுந்து நின்றான். முகம் சிவந்துவிட்டது. பாலையனின் மருமகன் தொட்டால் பிள்ளையின் கால் தேய்ந்துவிடுமா? சட்டம் நிலத்தைத்தான் வாங்கித் தந்தது என்று எண்ணிக்கொண்டான்.

பத்தாம் நாள் மஸ்கட்டிலிருந்து தந்தி வந்தது. திங்கட்கிழமைக்குள் வராவிட்டால் வேலை வேறொருவருக்கு. சுகிர்தபாய் தந்தியைப் படித்துவிட்டு, பரணிலிருந்து பெட்டியை இறக்கினாள். ஒரு சட்டையை மடித்தாள். பிரித்து, மறுபடியும் மடித்தாள். மூன்றாம் தடவையும் அதே சட்டையை மடித்தபோது ஜெயதாஸ் எழுந்து வெளியே போய்விட்டான்.

பதினோராம் நாள் சனிக்கிழமை. பள்ளிக்கூடம் இல்லாததால் சுகிர்தபாயும் அவனோடு வந்தாள். வராந்தாவில் பதினாறு பேர். பிள்ளை நடு நாற்காலியில். குஞ்சம்மா தூணில் சாய்ந்து கால் நீட்டியிருந்தாள். மின்விசிறி குளுகுளுவென்று சுற்றியது.

ஜெயதாசுக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. அந்த முகங்களைப் பார்த்தால், பதினோரு நாளில் எல்லாரும் பழகிய முகங்களாகிவிட்டிருந்தார்கள். யார் முதலில் வருவார், யார் வெற்றிலை கேட்பார், யார் தூங்கிவிழுவார் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். போகிறவன் சண்டை போட்டுக்கொண்டு போவானேன்? உள்ளே போய்ப் பழைய பெஞ்சைத் தூக்கிவந்து வராந்தாவில் போட்டான்.

"எல்லாரும் ஒண்ணு கேக்கணும்" என்றான். "நாளைக்கு நான் மஸ்கட்டுக்குப் போறேன். திரும்பி வர ரெண்டு வருஷம் ஆகும். நான் வேற ஒண்ணு நெனச்சுக் கெட்டினேன். அது நடக்கல்ல. போகட்டும். இனி இது உங்களுக்க வெயிட்டிங் ஷெட்டு தான். உங்க இஷ்டம்போல இருங்க. ஃபேனு ஓடும். பஸ்ஸையும் பழையபடி இங்கேயே நிறுத்த கிருஷ்ணன்குட்டி சேட்டன் கிட்டே சொல்லுகேன்."

பதினாறு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிள்ளை தடியை ஊன்றி எழ முயன்று, முழங்கால் சம்மதிக்காமல் மறுபடி உட்கார்ந்தார்.

"பஸ் எதுக்கு டே இங்க?" என்றார் குழப்பத்தோடு. "இங்க யாரு பஸ்ஸுக்கு இருக்கா?"

ஜெயதாஸ் திரும்பி சுகிர்தபாயைப் பார்த்தான். சுகிர்தபாய் வரிசையாக ஒவ்வொருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவர் இடுப்பில் கை வைத்திருந்தார். ஒருவர் கழுத்தைச் சாய்த்தே வைத்திருந்தார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

குஞ்சம்மா தூணைப் பிடித்து மெல்ல எழுந்தாள். மடியை அவிழ்த்து, வெற்றிலைக்கு அடியிலிருந்து ஒரு ரப்பர் மரச் சில்லை எடுத்து நீட்டினாள்.

"நீ நல்லபடியா போயிட்டு வா மக்கா. போறதுக்கு முன்னே, நீ வச்சிருக்கிற டாக்டர் எப்ப வருவாருண்ணு மட்டும் சொல்லிட்டுப் போ. ஒண்ணாம் நம்பரையும் கையிலே வச்சுக்கிட்டு எத்தனை நாளுதான் நான் இந்த முட்டுவேதனையோட இருப்பேன்?"