பொட்டு வைத்த பிஸ்டன்

ஆச்சரியப்படுவதற்கென்றே பிறந்தவர் பிச்சமுத்து. ஸ்ரீரங்கத்தில் வாழைக்காய் மண்டி வைத்திருந்தார். வசூலுக்காகக் காவிரிப் பாலத்தைத் தாண்டித் திருச்சிக்குள் தினமும் போய் வருபவர்தான். ஆனாலும் பாலத்தின் நடுவில் சைக்கிளை விட்டு இறங்கி, இத்தனை கல்லைத் தண்ணீருக்குள் எப்படித்தான் நிற்க வைத்தானோ என்று வாயைப் பிளந்து பார்த்துவிட்டுத்தான் மேலே போவார். சோடா பாட்டிலுக்குள் கோலிக்குண்டு போன வழி பற்றி அவருக்கு இன்னமும் சந்தேகம் தீரவில்லை.

அவர் மனைவி ரெங்கம்மாள் இதற்கு நேர்மாறு. மண்ணச்சநல்லூர் அரிசி மில்லுக்காரர் மகள். மலைக்கோட்டையே இடம்பெயர்ந்து வாசலில் வந்து நின்றாலும், "இதனால என்ன பிரயோஜனம்?" என்று கேட்டுவிட்டு அரிசி களையப் போய்விடுவாள். அப்படிப்பட்டவள் வாழ்க்கையில் ஒரே ஒரு தப்புச் செய்தாள். கறவை எருமை வாங்கி வரச் சொல்லி, சேர்த்து வைத்த பணத்தைப் பிச்சமுத்துவிடம் கொடுத்து மணப்பாறைச் சந்தைக்கு அனுப்பினாள்.

பிச்சமுத்து மணப்பாறை போய்ச் சேரவில்லை. திருச்சியைத் தாண்டுவதற்குள்ளேயே ஒரு பங்களா வாசலில் ஏலம் நடந்துகொண்டிருந்தது. ரயில்வேயில் பெரிய வேலை பார்த்த வெள்ளைக்காரத் துரை ஒருவர் மூட்டை கட்டிக்கொண்டு சீமைக்குத் திரும்புகிறாராம். மேஜை, நாற்காலி, பீங்கான் எல்லாம் போனபிறகு, வேப்பமரத்தடியில் ஒரு பாய்மரப் படகு நின்றது. அதன் வயிற்றுக்குள் ஒரு டீசல் இஞ்சின். காற்று அடித்தால் பாயை விரிக்கலாம், அடிக்காவிட்டால் இஞ்சினை ஓட்டலாம் என்று ஏலக்காரன் சொன்னான். மனித மூளை இவ்வளவு தூரம் போகுமா என்று பிச்சமுத்துவுக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. எருமைப் பணத்தை எண்ணாமல் கொடுத்தார்.

சாயங்காலம் இரட்டை மாட்டு வண்டியில் படகு வந்து இறங்கியபோது தெருவே கூடிவிட்டது. ரெங்கம்மாள் வண்டியின் பின்பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"எருமை எங்கங்க?"

"ரெங்கம்மா, இது தண்ணியிலயே போகும்."

"எருமையும் போகும்."

"இது டீசல் குடிக்கும்."

"அது தவிடு தின்னும். தின்னுட்டுப் பால் கறக்கும். இது என்ன கறக்கும்?"

எருமைக்கென்று ரெங்கம்மாள் மெழுகி வைத்திருந்த கொட்டகையில் படகை ஏற்றினார்கள். அது கொட்டகையை அடைத்துக்கொண்டு, மூக்கை மட்டும் வெளியே நீட்டியது. ரெங்கம்மாள் சத்தம் போடவில்லை. மறுநாள் பாயை எடுத்து மொட்டை மாடியில் விரித்து வடகம் பிழிந்தாள். பாய்மரத்தில் கொடி கட்டித் துணி உலர்த்தினாள். சத்தம் போடாத ரெங்கம்மாளைக் கண்டு அக்கம்பக்கம் பயந்தது. பிச்சமுத்து மட்டும் பெண்களுக்குத்தான் எவ்வளவு பொறுமை என்று வியந்தார்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு இஞ்சினையும் வைத்துக் கும்பிட வேண்டும் என்று ஆசைப்பட்டார். காட்டூரிலிருந்து ஆண்டி வந்தான். கிணற்றடி இஞ்சின் ரிப்பேரில் கெட்டிக்காரன். அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, வாழை இலையில் வரிசையாகப் பரப்பினான். ஒரு இஞ்சினுக்குள் இத்தனை சாமானா என்று பிச்சமுத்து திகைத்துப் போனார். எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, நாசில் ஒன்றுதான் தேய்ந்துவிட்டது என்றான் ஆண்டி. டீசலைப் பொடித் தூறலாகப் பீய்ச்சுகிற சுண்டுவிரல் அளவு சாமான் அது. மெட்ராஸ் கம்பெனியில் கேட்டு எழுதியதற்கு அவர்கள் சொன்ன விலையில் இன்னொரு படகு வாங்கலாம்.

பூஜையன்று ரெங்கம்மாள்தான் ஒவ்வொரு சாமானுக்கும் பொட்டு வைத்தாள். வட்டமாக மஞ்சள், அதன் நடுவில் குங்குமம், அதற்குக் கீழே கண்ணுபடாமல் இருக்க ஒரு சுண்ணாம்புப் புள்ளி. அந்தச் சுண்ணாம்புப் புள்ளி அவள் பிறந்த வீட்டு வழக்கம். அவர்கள் மில்லில் உமி அள்ளும் முறத்துக்குக்கூட அது உண்டு. பிச்சமுத்து இதையெல்லாம் பார்க்கவில்லை. சாமி கும்பிடும்போது அவர் கண்ணை இறுக மூடிக்கொள்வார். கையில் தேங்காய் மூடி வந்தபிறகுதான் திறப்பார். பூஜை முடிந்ததும் சாமான்களைப் பொட்டு அழியாமல் சாக்கில் கட்டிக் கொட்டகையில் வைத்தாள் ரெங்கம்மாள்.

தீபாவளிக்கு வந்த மச்சான் வீரமலை, ரெங்கம்மாளின் அண்ணன், கொட்டகையை எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன மாப்ளே, அடை வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். வந்திருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். பிச்சமுத்துவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"வர்ற ஆடிப்பெருக்குக்கு உங்க குடும்பத்தையே இதுல ஏத்தி ஆத்துல ஒரு சுத்து சுத்திக் காட்டறேன். காட்டலேன்னா படகை வித்துட்டு அங்க எருமையைக் கட்டறேன். இது சத்தியம்."

ரெங்கம்மாள் உள்ளே போய்க் கற்பூரம் எடுத்து வந்தாள். அவ்வளவு வேகமாக அவள் நடந்து பிச்சமுத்து பார்த்ததில்லை. ஏற்றி அணைத்துச் சத்தியம் செய்தபிறகுதான் பிச்சமுத்துவுக்கு நாசில் ஞாபகம் வந்தது. நாசிலுக்கு எங்கே போவது? படகு போனால் போகட்டும் என்று விடக்கூடிய மனிதரா அவர்? படுத்தால் படகுதான் கனவில் வந்தது.

பாலக்கரையில் பழைய இரும்புக் கடைகளில் தேடிப் பார்க்கச் சொன்னான் ஆண்டி. பிச்சமுத்து போனார். அங்கே லூர்துவின் கடையைப் பார்த்ததும் தேடி வந்த காரியமே மறந்துவிட்டது. பஸ்ஸின் வயிறு, லாரியின் எலும்பு, உடைந்த தராசு, ஒரு சர்ச் மணியின் நாக்கு என்று மலை மலையாகக் குவிந்து கிடந்தது. உலகத்தில் உடைந்ததெல்லாம் பாலக்கரைக்குத்தான் வருகிறது போலிருக்கிறது என்று நினைத்தார். லூர்து நிதானமான மனிதர். நாசில் இப்போது இல்லை, வராமல் போகாது, அடிக்கடி வந்து பாருங்கள் என்றார்.

தை மாசத்தில் ஆண்டி சாக்கை அவிழ்த்துப் பார்த்தபோது ஒரு வால்வைக் காணோம். ஏலத்திலேயே ஏமாற்றிவிட்டார்கள் என்று பிச்சமுத்து துரையைத் திட்டிக்கொண்டே பாலக்கரைக்கு ஓடினார். என்ன அதிசயம்! லூர்து ஒரு கோணியைத் தூக்கினார். அடியில் வால்வு கிடந்தது.

"சீமை இஞ்சின் வால்வு! எந்தக் கப்பல்ல வந்தது இது?"

"கப்பல் எங்கங்க? நேத்து பேரீச்சம்பழக்காரர் எங்கேயோ பழத்துக்கு மாத்திக் கொண்டாந்து போட்டாரு."

அதைத் திருப்பிப் பார்த்த பிச்சமுத்து நெகிழ்ந்துபோனார். எண்ணெய்ப் பிசுக்கில் ஊறிய மஞ்சள், குங்குமம், கீழே ஒரு வெள்ளைப் புள்ளி. "நீங்க வேதக்காரங்க, சர்ச்சுக்குப் போறவங்க. இரும்புக்குப் பொட்டு வச்சு வித்துக்கிட்டிருக்கீங்களே. இந்த மனசு யாருக்கு வரும்?" என்றார். லூர்து ஒன்றும் புரியாமல் தலையைச் சொறிந்தார். விலையோ மலிவு. மெட்ராஸ் கம்பெனிக்காரன் கேட்டால் தூக்குப் போட்டுக்கொள்வான்.

வீட்டுக்கு வந்ததும் ரெங்கம்மாள் தட்டில் பேரீச்சம்பழம் வைத்தாள். தெருவில் விற்றுக்கொண்டு வந்தது என்றாள். பிச்சமுத்து ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு வால்வை நீட்டினார். அவள் வாங்கி, பொட்டை வெகுநேரம் பார்த்தாள்.

"எந்தக் கடையில வாங்கினீங்க?"

இஞ்சினைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி அது. பிச்சமுத்து நகர்ந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். மனைவிக்கும் கடைசியில் படகின் மேல் பிரியம் வந்துவிட்டது. எந்த பஸ்ஸில் ஏற வேண்டும், எங்கே இறங்கி எந்தச் சந்தில் திரும்ப வேண்டும், லூர்து எந்நேரம் கடையில் இருப்பார் என்று ஒன்று விடாமல் சொன்னார்.

அதன்பிறகு சாமான்கள் காணாமல் போவது சூடு பிடித்தது. ஸ்பிரிங் போயிற்று. ரிங் போயிற்று. டீசல் பம்ப் போயிற்று. போன சாமான் எதுவானாலும் ரெண்டாம் நாள் லூர்து கடையில் இருந்தது. கேட்டு வாய் மூடுவதற்குள் எடுத்துக் கொடுத்தார். விலை மட்டும் மெல்ல ஏறிக்கொண்டு வந்தது. அவர் பேரீச்சம்பழக்காரரைப் பற்றிப் பேசுவதும் நின்றுபோயிற்று. பங்குனியில் பிஸ்டனே காணாமல் போய், பாலக்கரையில் பொட்டோடு கிடைத்தது. அதைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் வந்தார் பிச்சமுத்து. ஆண்டி பொருத்திப் பார்த்துவிட்டு, "அளவெடுத்துச் செஞ்ச மாதிரி உக்காருதுண்ணே" என்றான்.

"பாலக்கரைன்னா சும்மாவா" என்றார் பிச்சமுத்து. எந்தச் சாமான் வந்தாலும் வீட்டில் ரெங்கம்மாள் காசு கொடுத்து வாங்கின பேரீச்சம்பழமும் இருந்தது. இனிப்பான நாட்கள்.

வைகாசியில் அதே பிஸ்டன் மறுபடியும் காணாமல் போனபோதுதான் அவருக்குத் திருடன் ஞாபகமே வந்தது. படகின் மூக்குக்கு ஓட்டை விட்டுக் கொட்டகைக்குக் கதவு போட்டு, திண்டுக்கல் பூட்டாக வாங்கித் தொங்கவிட்டு, சாவியை ரெங்கம்மாளிடம் கொடுத்தார். அவள் அதை இடுப்பில் செருகிக்கொண்டாள். அதைவிடப் பத்திரமான இடம் ஸ்ரீரங்கத்தில் கிடையாது. அப்புறம் நேரே பாலக்கரை போய், தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"தப்பா நினைக்காதீங்க லூர்து. எவனாவது திருடன் உங்ககிட்ட கொண்டாந்து போடறானா?"

லூர்து கழுத்திலிருந்த சிலுவையைப் பிடித்துக்கொண்டார். "ஆண்டவர் சத்தியமா என் கடையில திருட்டுச் சாமான் கிடையாதுங்க. உரிமைப்பட்டவங்க கொண்டாந்து கொடுக்கறதைத்தான் வாங்கறேன்."

பழைய இரும்பு வியாபாரத்தில் இப்படி ஒரு நேர்மையா என்று பிச்சமுத்து மெய்சிலிர்த்து, பிஸ்டனை இரண்டாம் தடவையாக வாங்கிக்கொண்டு வந்தார். அந்தத் தடவை பொட்டு கொஞ்சம் ஈரமாக இருந்தது.

எல்லாம் வந்தும் நாசில் வரவில்லை. ஆடி பிறந்து, காவிரியில் புதுத் தண்ணீர் வந்துவிட்டது. பிச்சமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை. கொட்டகைக்குள் போய்ப் படகைத் தடவிக்கொடுத்துவிட்டு வந்து உட்காருவார். பெருக்குக்கு முந்தின நாள் லூர்துவே ஆளனுப்பிக் கூப்பிட்டார். எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய புத்தம் புது நாசில். எங்கெங்கோ சொல்லி வைத்து வரவழைத்ததாகச் சொன்னார். விலை கேட்டால், "அதெல்லாம் கணக்கு நேராயிடுச்சு, எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார். பிச்சமுத்து அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். சின்னக் குறை ஒன்று தென்பட்டது.

"இதுக்குப் பொட்டு வைக்கலையே?"

"அது வந்துங்க..." லூர்து கூரையைப் பார்த்தார். "வீட்டுல அம்மா கையால வைக்கச் சொல்லுங்க. அதுதான் ராசி."

ரெங்கம்மாள் வைத்தாள். பிச்சமுத்து கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

பதினெட்டாம் பெருக்கன்று அம்மா மண்டபத்தில் கூட்டம் நெரிந்தது. காப்பரிசியும் கருகமணியும் மஞ்சள் கயிறுமாகப் பெண்கள் படித்துறையை அடைத்துவிட்டார்கள். கொஞ்சம் தள்ளிக் கரையோரமாகப் படகை இறக்கினார்கள். வீரமலை குடும்பம் ஏறிக்கொண்டது. ரெங்கம்மாள் மட்டும் வரவில்லை. காலையிலேயே காவிரியைக் கும்பிட்டுவிட்டு, கொட்டகையைக் கழுவ வேண்டும் என்று வீட்டுக்குப் போய்விட்டாள். இத்தனை பெரிய நாளில் கொட்டகை கழுவுகிறாளே என்று பிச்சமுத்துவுக்கு வருத்தமாக இருந்தது.

ஆண்டி கைப்பிடியைப் போட்டுச் சுற்றினான். ஒன்றுமில்லை. மறுபடி சுற்றினான். கரையில் ஒருவன் சிரித்தான். மூன்றாவது சுற்றில் இஞ்சின் ஒரு தடவை இருமியது. புகையைக் கக்கியது. பிறகு டப் டப் டப் என்று பிடித்துக்கொண்டது. படகு தானாக நகர்ந்தது. பிச்சமுத்து எத்தனையோ ஆச்சரியப்பட்டிருக்கிறார், இதற்கு ஈடு இல்லை. கால் கட்டைவிரல் வழியாக அந்த டப் டப் ஏறி நெஞ்சுக்கு வந்தது. செக்கச் சிவந்த தண்ணீர் இரண்டு பக்கமும் விலகி வழி விட்டது. தூரத்தில் மலைக்கோட்டை மெதுவாகத் திரும்பி அவரைப் பார்த்தது. கரையில் இருந்தவர்கள் கையெடுத்துக் கும்பிட்டது காவிரியையா படகையா என்று தெரியவில்லை. பிச்சமுத்து வெட்கப்படாமல் அழுதார்.

வீரமலை மட்டும் வாயை இறுக மூடிக்கொண்டு, தோள் குலுங்க உட்கார்ந்திருந்தார். பாவம், மச்சானுக்கு அவமானம் தாங்கவில்லை என்று பிச்சமுத்து பெருந்தன்மையோடு அவரைப் பார்க்காமல் இருந்தார்.

வெற்றிச் செய்தியைச் சொல்ல வீட்டுக்குப் பறந்தார். கொட்டகைக் கதவு திறந்திருந்தது. படகு இருந்த இடத்தில் கன்றோடு ஒரு எருமை நின்று அசை போட்டுக்கொண்டிருந்தது. ரெங்கம்மாள் அதன் நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள்.

"ரெங்கம்மா, இஞ்சின் ஓடிருச்சு!"

"தெரியும். படகை வித்தா நீங்க சோறு திங்க மாட்டீங்க. ஓடினா அது வெளிய போகும், இது உள்ள வரும். படகை ஆத்தோரமாவே கட்டிப் போடுங்க. இங்க இனிமே இடமில்லை."

"இது ஏது?"

"அண்ணன் நேத்தே ஓட்டியாந்து பக்கத்து வீட்டுல கட்டிட்டாரு."

"பணம்?"

"நீங்க பாலக்கரையில கொடுத்ததுதான். லூர்து அவர் பங்கும் நாசில் விலையும் போக மீதியைச் சேர்த்து வச்சுக் கொடுத்தாரு. நாணயமான மனுஷன்."

பிச்சமுத்து அவள் விரலைப் பார்த்தார். எருமை எதிரில் கும்பிடத் தோன்றாததால் அன்றைக்குக் கண் திறந்தே இருந்தது. விரல் முதலில் மஞ்சளை வட்டமாகத் தடவியது. நடுவில் குங்குமம் வைத்தது. பிறகு சுண்ணாம்பைத் தொட்டு, கீழே ஒரு வெள்ளைப் புள்ளி வைத்தது. வால்வு, ஸ்பிரிங், ரிங், பம்ப், இரண்டு தடவை மடியில் வந்த பிஸ்டன் எல்லாம் வரிசையாக அவர் கண் முன்னால் வந்து நின்றன. சீமை இஞ்சினைச் செய்தவன் மூளை, காவிரிப் பாலம் கட்டியவன் மூளை, சோடா பாட்டிலுக்குள் குண்டைப் போட்டவன் மூளை எதுவுமே இதற்கு முன்னால் ஒன்றுமில்லை என்று தோன்றியது. கோபம் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை, வாய்தான் பிளந்தது.

பிளந்த வாயில் ரெங்கம்மாள் ஒரு பேரீச்சம்பழத்தைப் போட்டாள்.

"மெதுவாத் தின்னுங்க. இதுதான் கடைசி. இஞ்சின் ஓட ஆரம்பிச்சதுல வரத்து நின்னு போச்சு."