கையுறைப் பையில் வந்த புதினா

பிள்ளைகளா, பை என்பது வீட்டில் இருக்கும்வரை கண்ணில் படாது. கடையில் போய் நின்றதும் ஞாபகத்துக்கு வரும். ஆண்களில் முக்கால்வாசிப் பேருக்கு இந்த வியாதி உண்டு. எனக்கு முற்றிப் போயிருந்தது.

ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் வேலை செய்கிறேன். உப்புப் போட்டு வரும் பச்சைத் தோலை உதறி அடுக்குவது என் வேலை. எங்கள் தெருப் பக்கம் பஸ் திரும்பினால் வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். 'இவங்களுக்கு இன்னா ஆச்சு?' என்று நாங்கள் அவர்களைப் பரிதாபமாகப் பார்ப்போம். (எங்கள் மூக்குகள் வேலைக்குச் சேர்ந்த வருஷமே ஓய்வு பெற்றுவிட்டன.)

என் மனைவி செல்வி அப்படி இல்லை. ஒடுகத்தூர்ப் பெண். மலையடிவாரத்தில், வேர்க்கடலைக் கொல்லைக் காற்றில் வளர்ந்த மூக்கு. மகள் ஜோதி வயிற்றில் இருந்தபோது அந்த மூக்கு இன்னும் கூர்மையாகிவிட்டது. அடுத்த வீட்டில் தாளித்தால் இவளுக்குக் குமட்டும். சாப்பிட்டது எதுவும் உள்ளே தங்கவில்லை. கன்னம் ஒட்டிப்போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தாள்.

மாமியார் ஊரிலிருந்து வந்து பார்த்தார். பிரசவம் வரைக்கும் அழைத்துக்கொண்டு போகிறேன் என்றார். நானே பார்த்துக்கொள்கிறேன் என்று வீராப்பாகச் சொன்னேன்.

"சரி மாப்ள. இன்னைக்கு ஒரு வாய் சோறு அவ உள்ள தங்கட்டும், நான் பேசாம போய்ட்றேன். இல்லன்னா காலைல பஸ்ஸுக்கு ரெண்டு பேரும் கெளம்பிடுவோம்."

அன்று சாயங்காலம் ஷிஃப்ட் முடியும் நேரத்தில் செல்வி போன் செய்தாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "இன்னாங்க, சூடா சோறும் புதினாத் துவையலும் சாப்பிடலாம்னு இருக்கு."

ராஜாவாக முடிசூட்டுகிற மாதிரி இருந்தது எனக்கு. கொட்டுகிற மழையில் பைக்கை முறுக்கிக்கொண்டு பாய் கடைக்குப் போனேன். அரிசி, புளி, உளுந்து, ஈரம் சொட்டும் புதினா. எல்லாம் காகிதத்தில் கட்டியாயிற்று.

"பை எங்க தோஸ்த்?" என்றார் பாய்.

பை வீட்டில், கதவுக்குப் பின்னால், ஆணியில். "ஒரு கவர் குடுங்க பாய்."

"பிளாஸ்டிக் கவரா? போன வாரம்தான் ஃபைன் போட்டு பேஜார் பண்ணாங்க. துணிப்பையும் காலி. வீட்டுக்குப் போய் எடுத்துட்டு வாயேன்."

போய் வருவதற்குள் செல்வியின் பசி மனசு மாறிவிட்டால்? அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. (செய்யாமலே இருந்திருக்கலாம்.) பைக்கில் ஒரு கித்தான் பை தொங்கிக்கொண்டிருந்தது. தினமும் கையுறையும் ஏப்ரனும் போட்டு எடுத்து வரும் பை. இரண்டையும் எடுத்து சீட்டுக்கு அடியில் திணித்தேன். பையைத் திருப்பி, நாலு தட்டுத் தட்டி, மோந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. இருந்தாலும் நான் கவனமான ஆள். பாயிடமும் நீட்டினேன்.

அவர் தலையை உள்ளே விட்டு மூச்சை இழுத்தார். "நல்லாத்தான் கீது. போடு."

அவரும் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

வாசலில் பையை வாங்கிய மாமியார் முந்தானையால் மூக்கைப் பொத்தினார். "மாப்ள, இன்னாது இது? உள்ள ஏதாவது செத்துக் கெடக்குதா?"

"புதினா அத்தை."

"புதினாவா செத்துச்சு?"

உள்ளறையிலிருந்து செல்வி தள்ளாடி எழுந்து பின்பக்கம் ஓடும் சத்தம் கேட்டது. நான் விடவில்லை. பைக்குள் முகத்தை முழுசாக நுழைத்து, "ஒரு வாசனையும் இல்லையே!" என்று உள்ளேயிருந்து வாதாடினேன்.

மாமியார் அரிசியை விடாமல் களைந்தார். புதினாவை மஞ்சள் போட்டுக் கழுவினார். உப்புப் போட்டும் கழுவினார். துவையல் பச்சைப் பசேல் என்று வந்தது. செல்வியும் எனக்காக உட்கார்ந்தாள். ஒரு வாய் எடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். அந்த வாயை விழுங்க அவள் பட்ட பாட்டை நான் பார்த்துக்கொண்டேயிருந்தேன். முடியவில்லை. எழுந்து போய்விட்டாள்.

மாமியார் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலாவது சொல்லியிருப்பேன். பீரோவைத் திறந்து செல்வியின் புடவைகளை மடிக்க ஆரம்பித்தார்.

காலையிலும் மழை விடவில்லை. பஸ் ஸ்டாண்டில் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். ஜன்னல் வழியாக செல்வி, "வேளாவேளைக்குச் சாப்பிடுங்க" என்றாள். வீட்டுக்கு வந்து மிச்சத் துவையலைச் சாப்பிட்டேன். எனக்கு ருசியாகத்தான் இருந்தது. அதுதான் கொடுமை.

ஜோதி முதல்முறை வயிற்றில் உதைத்ததை நான் போனில்தான் கேட்டேன். "இப்பதாங்க, இந்தப் பக்கம்" என்றாள் செல்வி. எந்தப் பக்கம் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஞாயிற்றுக்கிழமைகளில் பழம் வாங்கிக்கொண்டு ஒடுகத்தூர் போவேன். மாமியார் வாசற்படியிலேயே பையை வாங்கி, மோந்து பார்த்து, தலையசைத்த பிறகுதான் எனக்கு வழிவிடுவார். ஜோதி பிறந்த அன்றும் ஆஸ்பத்திரி வாசலில் அப்படித்தான் நின்றேன். உள்ளே குழந்தை அழுகிறது, வெளியே என் பை சோதனையில் இருக்கிறது.

அந்த வழக்கம் மாமியாரிடமிருந்து செல்விக்கும், செல்வியிடமிருந்து ஜோதிக்கும் வந்துவிட்டது. நான் கடைக்குக் கிளம்பினால் ஜோதி பையை எடுத்துக்கொண்டு ஓடி வருவாள். மூக்கை உள்ளே விட்டு ஒரு இழுப்பு. "க்யூசி ஓகே!" என்று எங்கள் டேனரியில் தரம் பார்ப்பவர் மாதிரியே கத்துவாள். உள்ளேயிருந்து அவள் அம்மா சிரிப்பாள். யாராவது விருந்தாளி இருந்தால் கதை முதலிலிருந்து தொடங்கும். பைக்குள் நான் முகத்தை விட்டு வாதாடியதை ஜோதி நடித்தே காட்டுவாள்.

போன வாரம் நானும் பையை வாங்கி மோந்து பார்த்துவிட்டு, "நல்லாதான் இருக்கு" என்றேன்.

ஜோதி என்னிடமிருந்து பையைப் பிடுங்கி, மறுபடியும் முதலிலிருந்து மோந்து பார்த்தாள்.