மாப்பிள்ளை ஊர்வலத்தில் நான் வாசித்த மெட்டு

பேர் வாங்குவது எவ்வளவு களைப்பான வேலை என்பது பேர் வாங்கியவனுக்குத்தான் தெரியும். நான் வாங்கினேன். இன்னும் களைப்பு தீரவில்லை.

யுத்த காலம். உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் பேண்டு செட்டில் நான்தான் முதல் கிளாரினெட் (இரண்டாவது கிளாரினெட் கிடையாது). பெரிய டிரம் அடிப்பவன் என் சேக்காளி பாண்டி. கல்யாணங்களுக்கென்று ஆரம்பித்த செட்டு அது, ஒருவரும் கூப்பிடவில்லை. ஒருநாள், பேரன் பேத்தி எடுத்து நிறைவாகப் போய்ச் சேர்ந்த பெரியவர் ஒருவரின் சாவுக்குப் போனோம். துள்ளலாக ஒரு தெம்மாங்கு மெட்டை எடுத்துவிட்டேன். ஊரே ஆடியது. அதற்குப் பிறகு அந்த மெட்டு இல்லாமல் சுற்றுவட்டாரத்தில் யாரும் சுடுகாட்டுக்குக் கிளம்புவதில்லை. கல்யாணத்துக்காவது மார்கழியில் ஓய்வு உண்டு, சாவுக்கு ஏது? உதடு வீங்கியது, முழங்கால் வீங்கியது. தலையும் கொஞ்சம் வீங்கியது.

அந்த நேரத்தில்தான் காளவாசல் பக்கம் எனக்குப் பெண் பார்த்தார்கள். செல்லம்மாவைப் பார்த்ததும், இவள் கிடைக்காவிட்டால் எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன்.

“கல்யாணத்துக்கெல்லாம் வாசிப்பீகளா?” என்றார் அவள் அப்பா.

“கல்யாணந்தான் மாமா நமக்கு முக்கியம்” என்றேன் கூசாமல்.

மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு என் செட்டுதான் வாசித்தது. மூன்று நாளில் நாலு சாவு பார்த்துவிட்டு வந்த ஆட்கள்; நடந்துகொண்டே தூங்கினார்கள். தெருவில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. பூ அலங்கார வண்டியில், கழுத்து நிறைய மாலையோடு உட்கார்ந்திருந்த நான், என் கிளாரினெட்டைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நடந்த பையனிடம் “கிளாரினெட்ட இங்க குடுடா” என்று வாங்கி, நம் மெட்டை எடுத்துவிட்டேன்.

நடந்தபடி தூங்கியவர்கள் விழித்துக்கொண்டு வெளுத்துக்கட்டினார்கள். (பழக்கம்.) மளிகைக்கடைக்காரர் மளமளவென்று கடைப் பலகைகளை அடைத்தார். தெருவில் விளையாடிய பிள்ளைகளைப் பெண்கள் உள்ளே இழுத்துப் போனார்கள். சைக்கிளில் வந்தவர் இறங்கி, தலைத்துண்டை எடுத்துவிட்டுப் பாண்டியிடம் தணிந்த குரலில் கேட்டார்.

“யாருண்ணே?”

“நம்ம மாப்ளதாண்ணே” என்றான் பாண்டி, வண்டியைக் காட்டி.

எங்கள் மெட்டைத் திருடிய செட்டுகள் காளவாசல் வரைக்கும் வந்துவிட்டது எனக்குத் தெரியாது. பெண் வீட்டு வாசலில் மாமனார் கைகட்டி நின்றார்.

“இது போன வருசம் எங்க அய்யாவ எடுத்தப்ப வாசிச்சது. வண்டியத் திருப்புங்க. இந்தச் சம்பந்தம் வேணாம்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதேன். இரண்டு பக்கமும் பேச்சு முற்றியபோது உள்ளேயிருந்து செல்லம்மாவின் குரல் கேட்டது.

“அய்யா, ஆளு உசுரோடதான இருக்காரு? சாவுக்குப் போயிட்டு வந்தா என்ன செய்வோம்? குளிச்சிட்டு உள்ள வரச் சொல்லுங்க.”

மாமனார் கட்டிய கையை எடுத்துக் கிணற்றடியைக் காட்டினார். மாப்பிள்ளை வீட்டார் முப்பது பேரும் கிணற்றடியில் வரிசையாகக் குளித்தோம். ஈரம் சொட்டச் சொட்டத் தாலி கட்டினேன். மேளமில்லை, கிளாரினெட் இல்லை. பெண்கள் போட்ட குலவைதான்.

இந்தக் கூத்து ஊரெல்லாம் பரவி, அதற்குப் பிறகு எங்கள் செட்டைக் கல்யாணங்களுக்கும் கூப்பிட ஆரம்பித்தார்கள். செல்லம்மாவுக்குத்தான் இன்னும் நம்பிக்கை வரவில்லை. யாராவது தாம்பூலத்தோடு பத்திரிகை கொண்டுவந்து கொடுத்தால், நான் மெனக்கெட்டு முகூர்த்த நேரத்தை வாசித்துக் காட்டுவேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பிள்ளைகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு காத்திருக்க, நிதானமாகக் கேட்பாள்:

“அதெல்லாஞ் சரி, எத்தன மணிக்கு எடுக்குறாகளாம்?”